ஆறு ஸ்க்ரூ

காலை அப்படி மடக்கி வைக்காதீங்க தம்பி. இப்படி மாறி உட்காருங்க, நான் ஜன்னலோரம் போயிக்கிறேன். நடைபாதைப் பக்கம்னா ஒரு காலையாவது நீட்டலாம். கூச்சப்படாதீங்க. எனக்கு அஞ்சடி மூணு அங்குலம், எங்க போட்டாலும் அடங்கிடுவேன். நீங்க ஆறடி ஒண்ணரை இருப்பீங்க. சரியா? பாத்தீங்களா. எனக்கு டேப்பு வேண்டாம், நின்ன ஆளைப் பாத்தாலே போதும். இந்த பஸ்ஸுல முன் சீட்டுக்கு அடியில ஒரு கம்பி ஓடுது பாருங்க, அதுதான் உங்க முட்டியை இடிக்குது. நாலே நாலு போல்ட்டு. கழட்டிட்டா கால் உள்ள போகும். யாரு கழட்டப்போறா.

ஆசாரி வேலை. மர ஆசாரி. மாயழகுன்னு பேரு, மதுரையில பட்டறை. நீங்க தொண்டி வரைக்குமா? நான் அதுக்கு முன்னாடியே, திருவாடானைக்கு இந்தப் பக்கம், முள்ளிக்குடி விலக்குல எறங்கணும். ஒரு நினைவுப் பூசை. என்கூட குவைத்துல இருந்தவரு, சூசைமாணிக்கம்னு லாரி டிரைவர். உங்களைவிட அரை அங்குலம் கூட. ஆறடி ரெண்டு.

இன்னையோட இருபது வருஷம். அங்க ரெண்டு பேரு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. அவரு சம்சாரம் செங்கோல்மேரி, மக அமலி. அவரு பேருல ரோட்டோரமா சின்னதா ஒரு குருசடி, சிலுவை வச்ச மாடம், கட்டியிருக்காங்க. கல்லும் வந்து கிடக்குது. அதுல என்ன வெட்டுறதுன்னு நான் போய்ச் சொல்லணும். கல்தச்சன் உளியோட உட்காந்திருக்கானாம். சூசை எப்படி இறந்தாருன்னு பாத்தவன் நான் ஒருத்தன்தான்னு அந்தம்மாவுக்கு நினைப்பு.

சொல்லலாம். அதுல ஒண்ணும் இல்லை. சொல்லிட்டு வந்துரலாம்.

ரெண்டாயிரத்து மூணு ஜனவரியில போய் எறங்கினேன் நான். சண்டை வரப்போகுதுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. எங்களுக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். அமெரிக்காக்காரனுக்கு முகாம் கட்டுற வேலையை எவனோ எடுத்து, எவனுக்கோ கொடுத்து, நாலாவது கையோ அஞ்சாவது கையோ எங்க கம்பெனி. எல்லையிலேர்ந்து அரை மணி நேர ஓட்டம். அங்க என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, நாலு மூலைக்கு நாலு கம்பி நட்டு ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்துச்சு. மத்தபடி மணல்.

ரெண்டு மாசம். ரெண்டே மாசத்துல அங்க ஒரு ஊரு. கூடாரத்துக்கு அடியில பிளைவுட் தரை, ஒரு கூடாரத்துக்கு இருபத்தாறு ஷீட்டு. கக்கூஸ் பெட்டி மட்டும் நானூறு அடிச்சோம். குளிக்கிற அறைக்குத் தடுப்பு, கண்டெய்னருக்கு ஏறப் படி, சாப்பாட்டுக் கொட்டகைக்கு மேசை, எந்த வண்டி எந்தப் பக்கம் போகணும்னு போர்டு. சுத்துச்சுவருக்குக் கம்பி வலைக்கூடை வரும், அதுல மணலை ரொப்பி அடுக்கணும். மணலுக்கு நடுவுல மணலை வச்சே சுவரு. ஒரு பட்டாளம் நடக்கிறதுக்கு முன்னாடி அது உட்காரணும் தம்பி, பேளணும், குளிக்கணும், படுக்கணும். அதெல்லாம் மரம். அதெல்லாம் நாங்க. துப்பாக்கி எல்லாம் அப்புறம்தான் வந்துச்சு.

எதுக்குன்னு கேக்கிற பழக்கம் அங்க கிடையாது. பேப்பர் வரும், படம் இருக்கும், அளவு இருக்கும். அடிப்போம். ஃபோர்மேன் குரியன்னு ஒருத்தரு, கொல்லத்துக்காரரு. அவரு மலையாளம் பேசுவாரு, நான் தமிழ் பேசுவேன், ரெண்டு பேருக்கும் புரியும். புரிய வேண்டிய அளவுக்குப் புரியும்.

சூசை என் அறையிலதான். ஒரு அறைக்கு எட்டுப் பேரு, இரும்புக் கட்டிலு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. நீளம் ஆறடி. அவருக்குப் பாதம் ரெண்டும் வெளிய தொங்கும். நடந்து போறவன் எல்லாம் இடிச்சுக்கிட்டுப் போவான். இவரும் உள்ளங்காலால ஒரு உதை விடுவாரு, தூக்கம் கலையாமலே. அப்புறம் என்கிட்ட சொன்னாரு, ஆசாரி, நாட்டுக்கே கட்டில் அடிக்கிற, எனக்கு ஒரு ஏழடிக் கட்டில் அடிச்சுக் குடேன்னு.

ஏழடி ஆகாதுன்னுட்டேன். எங்க வீட்டு வழக்கம் அது. மனுசன் படுக்கிற சாமானை எங்கப்பா ஏழடிக்கு அடிச்சதில்லை, தாத்தா அடிச்சதில்லை, நான் அடிச்சதில்லை. ஆறு உண்டு, எட்டு உண்டு. ஏழு தரித்திரம். படுத்தவனுக்கும் ஆகாது, அடிச்சவனுக்கும் ஆகாது. இதைச் சொன்னேன். அதுக்கு அவரு சொன்னதை இன்னும் மறக்கலை.

"ஆசாரி, ஆண்டவரே ஆறு நாள் வேலை செஞ்சு ஏழாவது நாள்தான்யா படுத்தாரு. எங்களுக்கு ஏழு ராசிதான்."

அப்படிப் பேசுவாரு. சிரிக்காம பேசுவாரு. நான் என்ன பண்ணேன்னா, மிச்சம் கிடந்த பிளைவுட்டுல கட்டில் உசரத்துக்கு ஒரு பெட்டி அடிச்சு, கால்மாட்டுல போட்டுட்டேன். பெட்டி தனி, கட்டில் தனி, கூட்டினா என்ன வருதுன்னு நான் கூட்டிப் பாக்கலை. கால் நீட்டிப் படுத்தாரு. பாதி கம்பெனிக் கட்டில், பாதி உன் கட்டில்னு சொல்லிட்டு அப்படியே தூங்கிட்டாரு. அந்தப் பெட்டி பத்து நிமிஷ வேலை.

காளையார்கோவில் தாண்டியாச்சா? சரி சரி. நேரம் இருக்குது.

பிப்ரவரி கடைசியில குரியன் ஒரு பேப்பரோட வந்தாரு. குளிர்சாதனக் கண்டெய்னர் மூணு, நாப்பதடி நீளம். கோழி வந்து எறங்கின கண்டெய்னர். கழுவியாச்சு. ரெண்டு பக்கமும் மரத்துல ரேக் அடிக்கணும், மூணு தட்டு, அகலம் ரெண்டடி, ஒவ்வொண்ணும் ஏழடி நீளம். ஒரு வரிசைக்கு அஞ்சு. எதுக்குன்னு அன்னைக்கு மட்டும் கேட்டுட்டேன். அவரு சாதனம் வைக்கன்னாரு. சாமான் வைக்கன்னு அர்த்தம். பேப்பர்ல அடியில இங்கிலீஷ்ல ரெண்டு வரி இருந்துச்சு. எனக்கு எண்ணு மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது.

நான் பாத்தேன். ரெண்டடி அகலம், ஏழடி நீளம். சாமான் வைக்க எவன் அந்த அளவு போடுவான்? இது ஆள் படுக்கிற அளவு. வெயில் தொடங்கப்போகுது, உள்ள குளிர் ஓடுது, சிப்பாய்ங்க வந்து கொஞ்ச நேரம் படுத்து எந்திரிக்க இடம்னு நினைச்சுக்கிட்டேன். ரயில்ல இருக்குமே, அது மாதிரி. அப்படித்தான் நினைச்சேன். மூடின பெட்டிக்குள்ள, ஜன்னல் இல்லாம, கோழி வச்ச குளிர்ல எவன் படுப்பான்னு இப்ப கேக்கலாம். அன்னைக்கு யாரும் கேக்கலை.

ஆள் படுக்கிறதுன்னு ஆனதும் ஏழடி எப்படி அடிக்கிறது? பென்சிலை எடுத்து ஏழை அடிச்சு ஆறுன்னு போட்டேன். போட்டுட்டுக் கணக்குப் பாத்தா, உள் நீளம் முப்பத்தெட்டு அடிக்கு ரெண்டு அங்குலம் குறைச்சல். ஏழடின்னா வரிசைக்கு அஞ்சு. ஆறடின்னா, தூண் கனத்தைச் சேர்த்தும், ஆறு வருது. ஒரு கண்டெய்னருக்கு முப்பது கேட்டான், நான் முப்பத்தாறு கொடுத்தேன். மூணு கண்டெய்னர்ல பதினெட்டு கூட. குரியன் எண்ணிப் பாத்துட்டுத் தோளைத் தட்டினாரு. மேல இருந்து ஒருத்தன் வந்து கட்டை விரலைத் தூக்கிக் காமிச்சான். ஒரு அட்டைப்பெட்டி ஆப்பிள் ஜூஸ் கொடுத்தாங்க. அந்த முகாம்ல தச்சனைக் கூப்பிட்டு ஜூஸ் கொடுத்தது அது ஒரு தடவைதான்.

என்ன கேட்டீங்க? சிப்பாய்ங்க எல்லாம் உசரமா இருப்பாங்களே, ஆறடி எப்படிப் பத்தும்னா? உசரம்தான். தினம் பாக்கிறேனே, தெரியாதா. அது வந்து, ஏழு ஆகாதுல்ல தம்பி.

ஆறரை போட்டிருக்கலாம்தான். ஆறரை போட்டா வரிசைக்கு அஞ்சுதான் வரும். ஆறு வராது.

வேலை சுத்தம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஓரமெல்லாம் இழைச்சு, சிலாம்பு ஏறாம பாத்தேன். தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் முக்கால் அடி உசரத்துக்கு ஒரு பலகை. பேப்பர்ல அது இல்லை, நானா வச்சதுதான், படுக்கிறவன் நழுவக் கூடாதுன்னு. ஒரு பலகைக்கு ஆறு ஸ்க்ரூ. ஆணி அடிக்கலை. ஆணின்னா பின்னால கழட்டுறப்ப மரம் பிளந்துடும். ஸ்க்ரூன்னா வேணுங்கிறப்ப கழட்டலாம், மாட்டலாம்.

மார்ச்சுல சண்டை தொடங்கிடுச்சு. நாலஞ்சு நாள்ல முகாம் காலி. நாங்க போட்ட தரை இருக்குது, கக்கூஸ் பெட்டி நானூறும் நிக்குது, ஆளு இல்லை. எல்லாம் எல்லையைத் தாண்டிப் போயிட்டான். அவனுக்குத் தண்ணி போகணும், டீசல் போகணும், சோறு போகணும். சூசை மாதிரி டிரைவருங்க ஓட்டினாங்க. வரிசையா நூறு வண்டி, இருநூறு வண்டி. போக நாலு நாள், வர நாலு நாள். அவரு மூணு நடை போயிட்டு வந்தாரு. ஒவ்வொரு தடவையும் வந்து, பெட்டி மேல காலை வச்சு, ஒரு நாள் முழுக்கத் தூங்குவாரு. என்னய்யா பாத்தன்னு கேட்டா, முன்னாடி போற லாரியோட பின்பக்கம்னு சொல்வாரு. அதைத் தவிர நான் ஒண்ணையும் பாக்கலைம்பாரு.

நாலாவது நடையில புழுதிக்காத்து. முன்னாடி வண்டி நின்னது தெரியலை. அந்தப் பின்பக்கத்துலயே போய் இடிச்சிருக்காரு. சண்டை இல்லை, குண்டு இல்லை. ஸ்டியரிங் நெஞ்சுல. கேக்கிறதுக்குக்கூட ஒண்ணும் இல்லாத சாவு.

கண்டெய்னர் மூணுல ரெண்டை அதுக்கு முன்னமே பட்டாளத்துக்காரன் இழுத்துட்டுப் போயிட்டான். எதுக்குன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு எங்க எல்லாருக்கும். மூணாவது எங்க யார்டுலயே நின்னுச்சு. எங்க ஆளுங்களுக்காக.

காலையில பத்து மணி இருக்கும். நான் ஒரு கதவுக்குக் கீல் மாட்டிக்கிட்டு இருந்தேன். குரியன் வந்து கூப்பிட்டாரு. உன் ஊருக்காரன், நீ வந்தா நல்லதுன்னாரு. போனேன். சூசையை ஒரு ஸ்டிரெச்சர்ல, சாம்பல் கலர் பையில கொண்டு வந்திருந்தாங்க. நேரா இருந்தாரு தம்பி. அதை நான் உங்ககிட்ட சொல்லிடுறேன். நேராத்தான் இருந்தாரு. கூட வந்த பாகிஸ்தான் டிரைவர் ஒருத்தன் தலைப்பக்கம் பிடிச்சான், நான் கால்பக்கம். நடுத்தட்டுல, கதவுலேர்ந்து ரெண்டாவது ரேக். தலையை வச்சோம். கால் பலகைக்கு மேல நிக்குது. ரெண்டு அங்குலம்தான்னு நினைப்பீங்க. பையையும் சேர்த்தா, பாதத்தையும் சேர்த்தா, ரெண்டு அங்குலம் இல்லை அது. உள்ள எறங்கவே மாட்டேங்குது.

அடுத்த ரேக் காலி. பலகையைக் கழட்டினா காலு அந்தப் பக்கம் நீண்டுக்கும். ஆறு ஸ்க்ரூ. ஸ்க்ரூடிரைவர் என் பின் பாக்கெட்டுல இருந்துச்சு, கீல் மாட்டிக்கிட்டு இருந்தவன்தானே. பத்து நிமிஷம்னு குரியன்கிட்ட சொன்னேன். சொன்னேன்னுதான் நினைக்கிறேன்.

அவரு கதவைப் பாத்தாரு. வெளிய வெயில் நாப்பதைத் தாண்டியாச்சு. உள்ளேர்ந்து புகை மாதிரி குளிரு, அவரு பாஷையில தணுப்பு, வெளிய போய்க்கிட்டு இருக்குது. ஜெனரேட்டருக்கு டீசல் ரேஷன். அன்னைக்கு உள்ள இன்னும் நாலு பேரு கிடந்தாங்க.

"மாயழகே, தணுப்பு போகுன்னு. மடக்கு."

வலது காலை நான் பிடிச்சேன். இடது காலை அந்தப் பாகிஸ்தான்காரன் பிடிச்சான். விறைச்சுப் போயிருந்துச்சு, லேசுல மடங்கலை. சேர்ந்து அமுக்கினோம். முட்டி ரெண்டும் மேல வந்து, உள்ளங்கால் ரெண்டும் பலகையில போய் ஒட்டுச்சு. கதவைச் சாத்தினாங்க. நான் போய்க் கீலை மாட்டி முடிச்சேன்.

அதுல பதினோரு நாள் இருந்தாரு, ஊருக்கு அனுப்புற பேப்பர் வர்ற வரைக்கும். பனியில அப்படியே இறுகி, மேல மருந்தும் போட்டு அனுப்பினதுல, மடக்கினது மடக்கினபடியே நின்னுபோச்சு. சொல்லியிருந்தா நான் ஏழு போட்டிருப்பேன். செத்தவனுக்கு ஏழு என்ன, ஒம்பது என்ன. எதுக்குன்னு ஒரு வார்த்தை குரியன் சொல்லியிருக்கலாம். அவரு தப்புதான் அது. நானா அந்த அளவைச் சொன்னேன்?

ஒரு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்ததும் முள்ளிக்குடிக்குப் போனேன். செங்கோல்மேரி காபி கொடுத்துச்சு. ஆசாரியண்ணே, சவப்பெட்டியைத் திறந்தப்ப முட்டியைத் தடவிப் பாத்தேன், ரெண்டு காலும் மடங்கி இருந்துச்சு, அமுக்கியும் நீளலை, ஏன்னு கேட்டுச்சு. அந்த வீட்டுல அப்ப பங்குச் சாமியாரும் இருந்தாரு, நல்ல மனுசன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே சொன்னாரு, ஆபத்து வருதுன்னு தெரிஞ்சு வண்டியை விட்டு எறங்கி முழந்தாளிட்டு ஜெபிச்சிருப்பாரு, அப்படியே போயிருப்பாருன்னு. அந்தம்மா என்னைப் பாத்துச்சு. நான் தலையை ஆட்டினேன். வாயால ஒண்ணும் சொல்லலை. தலையைத்தான் ஆட்டினேன்.

அது முகம் அப்ப மாறினதைப் பாக்கணும் நீங்க. ஒரு வருஷமா சோறு எறங்கலைன்னு சொன்ன பொம்பளை, எந்திரிச்சுப் போய் எனக்கு இன்னொரு காபி போட்டுச்சு.

அன்னையிலேர்ந்து அதை வச்சுத்தான் அந்தம்மா நிமிர்ந்து நடக்குது. ஊரே சொல்லும், முழந்தாளிட்டுப் போனவருன்னு. இப்பக் கல்லுலயும் அதையேதான் வெட்டணும்னு நிக்குது. என்னை வந்து பூசை முடிஞ்சதும் ரெண்டு வார்த்தை சொல்லச் சொல்லுது. ஆசாரியண்ணே பாத்தவருன்னு எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்குது.

அமலி இருக்கே, அப்ப அதுக்கு ஆறு வயசு. இப்ப நர்சு, திருச்சியில பெரிய ஆஸ்பத்திரி. பத்து நாளைக்கு முன்னாடி போன் பண்ணுச்சு. அது குரலும் சூசை மாதிரிதான், ஏறாம எறங்காம இருக்கும். மாமா, தினமும் இறந்தவங்களைக் கழுவிக் கட்டி அனுப்புறவ நான். முட்டிக்கால் போட்டு இறந்தவருக்குப் பாதம் பின்பக்கமா நீண்டு கிடக்கும். அப்பாவுக்கு உள்ளங்கால் ரெண்டும் எதையோ உதைச்ச மாதிரி தட்டையா இருந்துச்சுன்னு அம்மாவே சொல்றாங்க. யாரோ அப்புறமா மடக்கி வச்சிருக்காங்கன்னு சொல்லுச்சு.

அப்புறம் அது சொன்னதுதான்.

"பூசையில அம்மாவுக்கு எது வேணுமோ அதையே சொல்லுங்க மாமா. ஆனா கல்லுல வெட்டினா அழிக்க முடியாது. வெட்டுறதுக்கு முன்னாடி எனக்கு மட்டும் சொல்லிடுங்க. நெசம் தெரிஞ்சா வெறும் பேரும் தேதியும் போதும்னு அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். யாரு மடக்கினாங்கன்னு நான் கேக்கலை."

யாரு மடக்கினாங்கன்னு கேக்கலைன்னுச்சு பாருங்க. அதை எதுக்குச் சொல்லணும் அது?

இந்தாங்க, இதைப் பாருங்க. அந்தப் பேப்பர்தான். மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு, செல்லோ டேப் ஒட்டியிருக்கேன். இதுதான் அவன் போட்ட ஏழு. இது என் பென்சிலு. இருபது வருஷத்துல ஏழு மங்கிப்போச்சு, ஆறு மங்கலை. அடியில இருக்கிற இங்கிலீஷை நீங்க படிப்பீங்களோ என்னவோ. வேண்டாம், இங்க படிக்க வேண்டாம். கொடுங்க. யாரும் இதுவரைக்கும் எனக்குப் படிச்சுக் காட்டலை. நான் யார்கிட்டயும் கேக்கலை.

வாயால சொல்ல எனக்கு வராது தம்பி. அமலிக்கு இங்கிலீஷ் தெரியும், அளவு தெரியும், அவங்கப்பன் உசரம் தெரியும். கையில கொடுத்துட்டா அதுவே கழிச்சுப் பாத்துக்கும். போன வருஷப் பூசைக்கும் கொண்டு போனேன். பையில துண்டுக்கு அடியில வச்சிருந்தேன், எடுக்கிற மாதிரி வரலை, அப்படியே திரும்பிட்டேன். அதுக்கு முந்தின வருஷமும்தான். இந்தத் தடவை சட்டைப் பாக்கெட்டுல வைக்கிறேன். இப்படி. வெளிய தெரியுதா? பாதி நீட்டிக்கிட்டு இருக்கட்டும். என்ன மாமா அதுன்னு அதுவாக் கேட்டா, கொடுத்துத்தானே ஆகணும்.

கேக்கும். அது சூசை மக, கண்ணுல பட்டா கேக்காம விடாது.

விலக்கு வந்துருச்சு. கண்டக்டர், முள்ளிக்குடி ஒண்ணு இருக்குது. அதோ, புளியமரத்துக்கிட்ட வெள்ளைச் சேலையில நிக்குது பாருங்க, அதுதான் செங்கோல்மேரி. பக்கத்துல உசரமா நிக்கிறது அமலி. அஞ்சடி பத்து. பொம்பளைப் பிள்ளைக்கு அது அதிகம்தான்.

நான் எறங்கிட்டா ரெண்டு சீட்டும் உங்களுக்குத்தான். இந்தப் பக்கம் சாஞ்சு உட்காருங்க. யாராவது வந்து கேட்டா தொண்டி வரைக்கும் ஆள் வருதுன்னு சொல்லிடுங்க. காலை நீட்டிக்கோங்க தம்பி. நல்லா நீட்டிக்கோங்க.